மார்பக அடர்த்தி: ரிப்போர்ட்டில் நாம் வாசிக்காமல் விடும் வரி

ஒக்டோபர் மாதம் வந்துவிட்டால் கொழும்பில் இளஞ்சிவப்பு நாடாக்களும் வந்துவிடும். மார்பகப் புற்றுநோய் பற்றிய பதாகைகள் தொங்கும். மெமோகிராம் பரிசோதனைக்கு விலைக்கழிவு என்று விளம்பரங்கள் வரும். வெள்ளவத்தையில் என் வயதுப் பெண்கள் பலர் இந்தக் கழிவைக் கண்டுதான் முதன்முறையாக அந்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். போவது நல்லதுதான், அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பரிசோதனை முடிந்து பெரிய உறையொன்றுடன் வீட்டுக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி. உள்ளே இருக்கும் ஆங்கிலக் கடிதத்தின் கடைசி வரியைத் தேடுகிறோம். பயப்பட ஒன்றுமில்லை என்ற பொருளில் அந்த வரி இருந்தால், உறையை அப்படியே அலுமாரிக்குள் வைத்துவிட்டு உலையில் அரிசி போடப் போய்விடுகிறோம்.

அந்தக் கடிதத்தின் நடுவில், அல்லது தொடக்கத்திலேயே, இன்னுமொரு வரி இருக்கும். மார்பக இழையம் எப்படிப்பட்டது என்று கதிரியக்க வைத்திய நிபுணர் எழுதும் வரி அது. எனது ரிப்போர்ட்டில், மார்பகங்கள் அடர்த்தி கூடியவை என்றும், இந்த அடர்த்தி சிறிய கட்டிகளை மறைக்கக் கூடும் என்றும் இருந்தது. 49 வயதில், ஒரு நோவும் இல்லாமல், குடும்பத்தில் ஒருவருக்கு நோய் வந்ததன் பிறகு முன்னெச்சரிக்கையாகப் போன எனக்கு, அந்த வரி ஒரு நாள் நித்திரையைக் கெடுத்தது. மறுவாரம் டொக்டரிடம் போய், இது என்ன வருத்தம் என்று கேட்டேன். "இது வருத்தம் இல்லை, உங்கள் உடம்பின் அமைப்பு" என்றார். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவர் சொன்னவற்றையும், அதற்குப் பின் நான் தேடி வாசித்தவற்றையும் வாசகியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கறுப்பும் வெள்ளையும்

பெண்ணின் மார்பகத்துக்குள் பால் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பாலைக் கொண்டுவரும் குழாய்கள் இருக்கின்றன. இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார் இழையங்கள் இருக்கின்றன. மிச்சமெல்லாம் கொழுப்பு. மெமோகிராம் என்பது ஒருவகை எக்ஸ்ரே படம். அந்தப் படத்தில் கொழுப்பு இருண்டு தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். யாருடைய படத்தில் வெள்ளை கூடவோ அவருடைய மார்பகம் அடர்த்தி கூடியது எனப்படும். அடர்த்தி என்பதன் பொருள் அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், புற்றுநோய்க் கட்டியும் அந்தப் படத்தில் வெள்ளையாகவே தெரியும். கறுத்தச் சீலையில் ஒட்டிய மல்லிகை இதழை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பச்சரிசி மாவுக்குள் விழுந்த உப்புக்கல்லைக் கண்டுபிடிப்பது அப்படியல்ல. எவ்வளவு அனுபவமுள்ள நிபுணராக இருந்தாலும் மாவுக்குள் உப்புக்கல் மறைந்திருக்க இடமுண்டு. ஆகவேதான், "நான் பார்த்தவரை ஒன்றுமில்லை, ஆனால் என் பார்வைக்கு மறைப்பு இருக்கிறது" என்பதைத் தன் பாஷையில் எழுதி வைக்கிறார்.

இன்னுமொன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். அடர்த்தியைக் கையால் தொட்டு அறிய முடியாது. கெட்டியாக இருப்பது, தளர்ந்திருப்பது, பெரிதாக இருப்பது, சிறிதாக இருப்பது எதற்கும் இதனோடு சம்பந்தமில்லை. தொட்டால் மிருதுவாக இருக்கும் மார்பகம் படத்தில் வெள்ளை வெளேரென்று இருக்கலாம். படம் எடுத்தால் மட்டுமே தெரியவரும் விடயம் இது.

நிபுணர்கள் அடர்த்தியை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். பை-ரட்ஸ் என்ற முறைப்படி ஏ, பீ, சீ, டீ என நான்கு எழுத்துகள். ஏ என்றால் முழுவதும் கொழுப்பு. பீ என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை. சீ என்றால் பெரும்பகுதி வெள்ளை. டீ என்றால் மிகமிக அடர்த்தி. சீயும் டீயும்தான் 'அடர்த்தி கூடியது' என்ற கணக்கில் வருவன. அமெரிக்கக் கணக்குப்படி 40 வயதைத் தாண்டி மெமோகிராம் எடுக்கும் பெண்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இந்த இரண்டுக்குள் அடங்குகிறார்கள். அரைவாசிப் பேருக்கு இருப்பதை நோய் என்று சொல்ல முடியுமா?

இந்த எழுத்துகளைப் போலவே ரிப்போர்ட்டில் ஓர் இலக்கமும் இருக்கும். பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எழுத்து மார்பகத்தின் அமைப்பைச் சொல்வது. இலக்கம் சந்தேகத்துக்குரியதாக ஏதாவது தெரிகிறதா என்பதைச் சொல்வது. 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, ஆனாலும் சில மாதங்களில் திரும்பப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் பயொப்சி செய்து பார்க்க வேண்டும். 0 என்றால் படம் போதாது, வேறு படமோ ஸ்கானோ தேவை. பூச்சியம் என்றதும் 'ஒன்றுமில்லை' என்று சந்தோஷப்பட்டு வீட்டில் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

யாருக்குக் கூட, யாருக்குக் குறைய?

அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் ஜோன் வுல்ஃப் என்றொரு கதிரியக்க நிபுணர் இருந்தார். படத்தில் தெரியும் வெள்ளைக்கும் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதற்கும் தொடர்பிருக்கிறது என்று 1976 இல் எழுதியவர் அவர். அப்போது பலர் நம்பவில்லை. பின்னர் கனடாவின் ரொரன்ரோ நகரில் நோர்மன் பொய்ட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வருடக்கணக்காக ஆராய்ந்து அதை உறுதிப்படுத்தினார்கள். 2007 இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, மார்பகத்தின் முக்கால் பங்கோ அதற்கு மேலோ வெள்ளையாக உள்ள பெண்களுக்கு, பத்திலொரு பங்குகூட வெள்ளையில்லாத பெண்களைவிட, புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.7 மடங்கு அதிகம்.

இந்த 4.7 என்ற எண்ணைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. இது இரண்டு எல்லைகளில் நிற்பவர்களை ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு. நம்மில் பெரும்பாலானோர் நடுவில் நிற்பவர்கள். சாதாரண அடர்த்தியுள்ள ஒருத்தியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. ஆகவே அடர்த்தியில் இரண்டு விடயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, கட்டியை மறைப்பது. மற்றது, கட்டி வரும் வாய்ப்பையே சற்றுக் கூட்டுவது.

அடர்த்தி எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது வயது. இளவயதில் சுரப்பிகள் நிறைந்திருக்கும். வயது ஏற ஏற அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் இந்த மாற்றம் இன்னும் வேகமாகும். 22 நாடுகளைச் சேர்ந்த 11,000 க்கும் மேற்பட்ட பெண்களின் படங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017 இல் வெளியானது. எந்த நாட்டுப் பெண்ணாக இருந்தாலும் வயதோடு அடர்த்தி குறைந்துகொண்டு போவதை அதில் கண்டார்கள். இருபது, முப்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டி தட்டுப்பட்டால் டொக்டர்மார் மெமோகிராமுக்கு அனுப்பாமல் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்கு அனுப்புவதற்கு முக்கியமான காரணம் இதுதான். "பெரிய பரிசோதனைக்கு அனுப்பாமல் சும்மா ஸ்கானுக்கு அனுப்பிவிட்டார்" என்று கோபிக்கக் கூடாது. அந்த வயதுக்கு அதுவே பொருத்தமானது.

அடுத்தது பரம்பரை. அவுஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த பெண்களை வைத்து ஆராய்ந்து 2002 இல் வெளியிட்டார்கள். ஒரே வயதுப் பெண்களுக்கிடையில் அடர்த்தியில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய 60 வீதத்துக்குப் பரம்பரையே காரணம் என்று தெரியவந்தது. அம்மாவின் பல்வரிசை மகளுக்கு வருவதுபோல இதுவும் வருகிறது. நாம் தேடிக்கொண்டதும் அல்ல, நம்மால் தவிர்க்கக்கூடியதும் அல்ல.

பிள்ளை பெற்றவர்களுக்கு அடர்த்தி சராசரியாகக் குறைவு. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூட இன்னும் குறைகிறது. பால் கொடுக்கும் மாதங்களில் மட்டும் மார்பகம் மிக அடர்த்தியாக இருக்கும், பால் நிறுத்திய பின் மாறிவிடும். இதை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம். பிள்ளையில்லாத பெண்ணைக் கண்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும் பழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. இதையும் ஒரு சாட்டாகப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. இது ஆயிரக்கணக்கான பேரை ஒன்றாகப் போட்டு எடுத்த சராசரி மட்டுமே. நான்கு பிள்ளை பெற்றவரின் படம் வெள்ளையாக இருக்கலாம், பிள்ளையே இல்லாதவரின் படம் இருண்டிருக்கலாம்.

உடல் நிறை பற்றிய விடயம்தான் பலரைத் தடுமாற வைப்பது. மெலிந்த பெண்களின் படத்தில் வெள்ளையின் பங்கு கூடவாகவும், பருத்தவர்களின் படத்தில் குறைவாகவும் இருக்கும். "அப்படியென்றால் நான் தப்பினேன்" என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே கேக் துண்டை எடுத்தார். கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஒரு சுண்டு பாசிப்பயறோடு இரண்டு சுண்டு அரிசி சேர்த்தாலும் பயறு ஒரு சுண்டுதான், நாலு சுண்டு அரிசி சேர்த்தாலும் பயறு ஒரு சுண்டுதான். பங்கு மட்டும் குறைந்திருக்கிறது. பருத்த உடம்பில் கொழுப்பு கூடியதால் வெள்ளையின் பங்கு குறைந்து தெரிகிறது, வெள்ளை எங்கும் போய்விடவில்லை. அதற்கும் மேலாக, மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் உடம்பின் கொழுப்பிலிருந்தே உண்டாகிறது. ஆகவே அந்த வயதில் அதிக நிறை என்பது தனியாகவே மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு காரணி. அடர்த்தி குறைய வேண்டும் என்று யாரும் உடம்பு வைக்க வேண்டியதில்லை. கடற்கரையில் பின்னேரம் நடப்பதை நிறுத்த வேண்டியதுமில்லை.

மாதவிடாய் நின்றபின் வரும் உடற்சூட்டுக்கும் வியர்வைக்கும் சிலர் ஹோர்மோன் குளிசை எடுக்கிறார்கள். ஈஸ்ட்ரஜனும் புரொஜஸ்ரோஜனும் சேர்ந்த குளிசை அடர்த்தியைக் கூட்டும் என்பது திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட விடயம். குளிசையை நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி குறையும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் குளிசைகளை டொக்டரிடம் சொல்லாமல் எடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மெமோகிராம் எடுக்கப் போகும்போது இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மது அருந்துவதும் அடர்த்தியைச் சற்றுக் கூட்டுகிறது.

நாடும் இனமும் பற்றியும் ஒரு சொல். மலேசியாவில் மலாய், சீன, இந்திய வம்சாவளிப் பெண்களின் படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அங்குள்ள இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலானோர் தமிழர் என்பதால் எனக்கு அதில் ஒரு தனி அக்கறை. அடர்த்தியின் பங்கு சீனப் பெண்களிடமே சராசரியாகக் கூட இருந்தது. ஆனால் வயது, நிறை, பிள்ளைகளின் எண்ணிக்கை என்ற காரணிகள் எல்லாச் சமூகத்திலும் ஒரே மாதிரியாகவே வேலை செய்தன.

கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்தில்

எனக்கு இந்த விடயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் பெரியம்மாவின் மகள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் இருப்பவர். அப்போது அவருக்கு வயது 52. குளிக்கும்போது இடது மார்பின் மேற்பக்கத்தில் ஏதோ தடித்ததுபோல ஒன்று கைக்குப் பட்டிருக்கிறது. நோ இல்லை. மகன் கூட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் மெமோகிராம் எடுத்தான். சந்தேகத்துக்குரியதாக ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்த பக்கத்து வீட்டு அம்மா மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் கண்டபோது என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை, அது இன்னும் அப்பிடியேதான் கிடக்கு. ஆனா படத்திலை ஒண்டும் இல்லையெண்டு எழுதித் தந்தவை தானே?" என்றார். மறுநாள் வீட்டுக்குப் போய் உறையைத் திறந்து பார்த்தேன். மார்பகங்கள் மிகவும் அடர்த்தியானவை, இதனால் மெமோகிராமின் கண்டறியும் திறன் குறைகிறது என்று முதலாம் பந்தியிலேயே இருந்தது. ஒளிக்கவில்லை, தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது என்பதும், முடிவு என்ற தலைப்பின் கீழ் இருந்த வரியை மட்டுமே மகன் வாசித்துச் சொன்னான் என்பதுமே நடந்தது. "அக்கா, படத்தில் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியுது தானே. கைக்குத் தெரியிறதை டொக்டருக்குக் காட்டுவம்" என்றேன்.

காட்டினோம். சத்திரசிகிச்சை நிபுணர் கையால் பரிசோதித்துவிட்டு உடனே ஸ்கானுக்கு எழுதித் தந்தார். ஸ்கானில் தெரிந்தது. ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. கட்டி இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லை. மகரகமவில் சிகிச்சை பெற்றார். சத்திரசிகிச்சை, பிறகு கதிர்ச் சிகிச்சை. இப்போது தினமும் ஒரு குளிசை எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறார்.

அந்தக் குளிசையின் பெயர் ரமொக்சிஃபென். அதுவும் நமது விடயத்தோடு தொடர்புடையதே. ஈஸ்ட்ரஜன் மார்பகத்தில் வேலை செய்வதைத் தடுக்கும் மருந்து அது. நோய் வரும் வாய்ப்புக் கூடிய பெண்களுக்கு முன்கூட்டியே அதைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2011 இல் வெளிவந்தது. குளிசை எடுத்து ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் அடர்த்தி பத்து வீதமோ அதற்கு மேலோ குறைந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 63 வீதம் குறைந்தது. குளிசை எடுத்தும் அடர்த்தி குறையாதவர்களுக்கு அந்த நன்மை தெரியவில்லை. அடர்த்தி வெறும் நிழல் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் பக்கவிளைவுகள் உள்ள மருந்து இது. அடர்த்தியைக் குறைப்பதற்கென்று பாமசியில் கேட்டு வாங்கி விழுங்கும் சாமான் அல்ல.

வேறு நாடுகளில்

நமக்கு மட்டும் நடந்த கதை அல்ல இது. அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் நான்சி கப்பெல்லோ என்ற பெண்மணி இருந்தார். வருடம் தவறாமல் மெமோகிராம் எடுத்து வந்தவர். 2004 இல், ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்து சில வாரங்களுக்குள்ளேயே, வைத்தியரின் கைக்குக் கட்டி தட்டுப்பட்டது. நோய் அதற்குள் அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. தனக்கு அடர்த்தி கூடிய மார்பகம் என்பதை யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்பதுதான் அவருக்கு ஆற்றாமை. சும்மா இருக்கவில்லை. மாநிலச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். அடர்த்தியைப் பற்றிப் பெண்ணுக்கே அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2009 இல் கனெற்றிக்கட்டில் வந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அவர் 2018 இல் காலமானார். 2024 செப்ரெம்பர் 10 முதல் அமெரிக்கா முழுவதும், மெமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், மார்பகம் அடர்த்தியானதா இல்லையா என்பதைச் சாதாரண பாஷையில் எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2018 இலேயே அப்படி அறிவிக்கத் தொடங்கிவிட்டது.

சரி, அறிவித்தபின் என்ன செய்வது? ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையான 70,000 க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு மெமோகிராம் மட்டும், மற்றப் பிரிவினருக்கு மெமோகிராமோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கானும். முதற் பிரிவில் இருந்த புற்றுநோய்களில் 77 வீதமும் இரண்டாவதில் 91 வீதமும் அந்தப் பரிசோதனையிலேயே பிடிபட்டன. நெதர்லாந்தில் மிகமிக அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கானும் எடுத்தபோது, இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் திடீரென வெளிப்படும் புற்றுநோய்கள் அரைவாசியாகக் குறைந்தன. ஆனால் ஸ்கான் கூடக் கூட வீண் பயமும் கூடுகிறது. தீங்கற்ற நீர்க்கட்டிகளுக்கும் ஊசி குத்த வேண்டி வருகிறது. மேலதிக ஸ்கானை எல்லோருக்கும் எடுக்கலாமா என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. ஆகவே உங்கள் வயது, குடும்ப வரலாறு, எழுத்து சீயா டீயா என்பதைப் பார்த்து உங்கள் டொக்டர் முடிவு செய்ய வேண்டிய விடயம் இது. எனக்கு, குடும்பத்தில் நோய் இருப்பதால், மெமோகிராமோடு ஸ்கானும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நம் நாட்டில் நாம் செய்யக்கூடியது

இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. ஏறக்குறைய நான்கில் ஒன்று அது. மேலை நாடுகளைப் போல, குறிப்பிட்ட வயது வந்ததும் எல்லோரையும் அழைத்து மெமோகிராம் எடுக்கும் திட்டம் இங்கில்லை. இங்குள்ள ஏற்பாடு வேறு. 20 வயதிலிருந்து மாதமொரு முறை தன் மார்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். 20 முதல் 40 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 40 க்குப் பின் வருடமொரு முறையும் பயிற்சி பெற்றவரின் கையால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் சுவநாரி கிளினிக்குகள் 1996 முதல் நடக்கின்றன. புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் அரசாங்க நிலையம் நாரஹேன்பிட்டியில் எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. பணம் கட்டத் தேவையில்லை. வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ போய்வர அரைநாள் போதும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப்பற்றிக் கதைக்கக் கேட்டார்கள். நான் கதைத்ததைவிட அவர்கள் கேட்டதே கூட. இறுக்கமான பிரா போட்டால் அடர்த்தி கூடுமா? கூடாது. எண்ணெய் பூசி உருவினால் குறையுமா? குறையாது. சோயா மீற் சாப்பிடலாமா? சாப்பாட்டில் சேர்க்கும் அளவுக்கு அதைக்கண்டு பயப்பட ஆதாரமில்லை. அடர்த்தி என்றால் மெமோகிராம் எடுத்துப் பயனில்லையா? இந்தக் கேள்வியைக் கேட்டவர் பின்வரிசையில் நின்ற ஓர் இளம் தாய். பயனுண்டு. சுண்ணாம்புப் பொட்டுகள் போலத் தெரியும் சில ஆரம்ப அறிகுறிகள் அடர்த்தியான மார்பகத்திலும் மெமோகிராமில்தான் நன்றாகத் தெரியும். ஸ்கான் அதற்குத் துணை, மாற்று அல்ல. இன்னொருவர், படம் எடுக்கும்போது நோகுமா என்று கேட்டார். இரண்டு தட்டுகளுக்கிடையில் வைத்து அழுத்துவார்கள், சற்று நோகும், சில விநாடிதான். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் போனால் நோவு குறைவு, அப்போது அடர்த்தியும் ஓரளவு குறைவாக இருக்கும்.

கடைசியில் ஒரு வயதான அம்மா எழும்பி, "மகள், இங்கிலீசு தெரியாத நாங்க அந்தக் கடுதாசியில எதைப் பார்க்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் எந்த வைத்தியசாலைக்கும் பெரிய செலவு வந்துவிடாது என்பது என் அபிப்பிராயம். அதுவரை, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகும்போது டொக்டரிடம் வாய்திறந்து மூன்று விடயம் கேளுங்கள் என்றேன். என் மார்பகத்தின் எழுத்து என்ன, இலக்கம் என்ன, எனக்கு ஸ்கானும் வேண்டுமா? கைக்குத் தட்டுப்படும் கட்டி, தோலில் குழிவு, முலைக்காம்பு உள்ளிழுப்பது, அதிலிருந்து இரத்தம் கசிவது, அக்குளில் தடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அதை டொக்டருக்குக் காட்ட வேண்டும் என்றும் சொன்னேன். படத்தில் இல்லை என்பது கையில் இருப்பதை இல்லாமலாக்காது.

பழைய படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு மார்பிலும் அடர்த்தி ஒரேயளவில் இருப்பது வழக்கம். ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளை புதிதாகக் கூடியிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். பழைய படம் பக்கத்தில் இருந்தால்தான் நிபுணருக்கு அது புதிதா பழையதா என்று சொல்ல முடியும். வாடகை வீடு மாறி மாறி இருக்கும் நம்மவர்களிடம் முதலில் தொலைவது இந்த உறைதான். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் அதையும் வையுங்கள். சீடியாகத் தந்தால் வருடத்தை மேலே எழுதி வையுங்கள். படமாகத் தந்தால் சுருட்ட வேண்டாம், வெயிலும் ஈரமும் படாமல் அலுமாரியின் அடித்தட்டில் தட்டையாகக் கிடக்கட்டும்.